சந்தனம் பூசிய மீட்டர்

ஓய்வு பெற்றதிலிருந்து ஆட்கள் என்னிடம் கேட்பது இரண்டே கேள்விகள்தான். ஒன்று, சர்க்கரை எவ்வளவு இருக்கிறது. இன்னொன்று, இந்தத் தொழிற்சாலை சேஃப்டி டிப்ளமா படித்தால் வேலைக்கு ஆகுமா. முதல் கேள்விக்காவது ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்து நீட்டிவிடலாம். இரண்டாவதற்குக் கல்யாண மண்டபத்தில் பந்திக்கு நிற்கும்போதும், பால் பூத் வரிசையிலும், பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கேட்டபோதும் ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அரசு அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் வேலை கிடைக்கும், கிடைத்த பிறகு என்னைத் திட்டாதீர்கள். அவ்வளவுதான் என் பதில்.

இப்போது கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். புதிய பஸ் நிலையத்தைச் சுற்றியும் கோரிமேடு போகிற சாலையிலும் கம்பத்துக்குக் கம்பம் தட்டி கட்டியிருக்கிறார்கள். மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஒரு வெள்ளைக்காரன் கட்டை விரலைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிறான். வேலைக்கு உத்தரவாதம் என்று கீழே போட்டிருக்கிறது. நான் வேலை செய்த ஆலையில் ஹெல்மெட் போட்ட எவனும் சிரித்து நான் பார்த்ததில்லை. காது வலிக்கிறது, தலை வேர்க்கிறது, முடி கொட்டுகிறது என்றுதான் சொல்வார்கள். வாரக் கடைசியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே படித்து முடிக்கிற சான்றிதழ்களும் வந்துவிட்டன. வளைகுடா நாட்டுக்குப் போகிறவர்களுக்கு அது உதவுகிறதாம். நம் ஊர் ஆலைகளில் சட்டப்படி சேஃப்டி ஆபீசராக உட்கார அது போதாது. இதைச் சொன்னால், பெரியவருக்கு உலகம் மாறினது தெரியவில்லை என்கிற மாதிரி பார்க்கிறார்கள்.

போன வாரம் அதே கேள்வியோடு ஒரு போன் வந்தது.

"சார், நான் கலியபெருமாள் பேசறேன். ஃபிட்டர் கலியபெருமாள்."

அவர் பெயரோடு தொழிலையும் சேர்த்துச் சொல்லியிருக்கத் தேவையில்லை. ஒரே ஆலையில் இருந்துகொண்டு பல வருஷம் என்னோடு பேசாமல் இருந்த மனிதரின் குரல் மறக்குமா? என் பிரிவு உபசாரத்தில்கூடக் கடைசி வரிசையில் நின்று சமோசா தின்றுவிட்டு, கை குலுக்காமல் போனவர் அவர்.

"பொண்ணு விசயமா ஒண்ணு கேக்கணும். ஞாயித்துக்கெழம வீட்ல இருப்பீங்களா?"

இருப்பேன் என்றேன். அதற்குப் பிறகு ஞாயிறு வரைக்கும் பழையதெல்லாம் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

நான் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, ஊருக்கு வெளியே இருந்த ஓர் அட்டை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தவன். பழைய காகிதத்தை ஊறவைத்து, அரைத்து, கூழாக்கி, அட்டைப்பெட்டிக்கான அட்டை செய்வார்கள். தகுதி பெற்ற சேஃப்டி ஆபீசர் ஒருவர் வேண்டும் என்று தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் எழுதிவிட்டுப் போனதும் மேனேஜர் ராகவன் சார் என்னைக் கூப்பிட்டார். "உங்களுக்கு மேல படிக்கிற ஆர்வம் உண்டா?" என்று கேட்டார். உண்டு என்றேன். சென்னையில் ஒரு வருஷ டிப்ளமா. விடுதிச் சாம்பார், சட்டப் பிரிவுகள், எந்தத் தீக்கு எந்த அணைப்பான், வெப்பத்தில் வேர்த்துக்கொண்டு எழுதிய பரீட்சை. வேறெதுவும் இப்போது ஞாபகம் இல்லை.

அங்கே சொல்லித் தராத பாடம் ராகவன் சார்தான். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அறைக்குள் போனால் நாற்காலியை அவரே இழுத்துப் போடுவார். பிள்ளைகளின் பெயரைச் சொல்லி விசாரிப்பார். நாம் பிரச்சினையைச் சொல்லி முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைப்பார். இரண்டு கண்ணாடியையும் துடைத்து முடிக்கும்வரை பேச மாட்டார். பிறகு, "நான் என்னங்க சொல்றது? நீங்கதான் படிச்சவர்" என்பார். செய் என்றும் சொல்ல மாட்டார், செய்யாதே என்றும் சொல்ல மாட்டார். வெளியே வரும்போது அவர் மனசில் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரிந்திருக்கும். பின்னால் ஏதாவது ஆனால் அவர் சொன்னதாக ஒரு வார்த்தை இருக்காது.

நான் படித்துவிட்டு வந்த புதிதில், மூடி இல்லாமல் ஓடிய வெட்டு இயந்திரத்தை நிறுத்தினேன். அவரே வந்து பார்த்து, "நல்ல காரியம் பண்ணீங்க" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். மாலைக்குள், லாரி கிளம்பத் தாமதமானது என்னால்தான் என்று கேன்டீனில் டீ ஊற்றுகிறவருக்குக்கூடத் தெரிந்திருந்தது. யாரிடமும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதை எப்படிச் செய்தார் என்று கடைசிவரை நான் கண்டுபிடிக்கவில்லை.

இனி அந்தத் தொட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். காகிதக் கூழ் தேங்குகிற பெரிய கான்கிரீட் தொட்டி, தரைக்குக் கீழே இருந்தது. அடியில் கூழைக் கலக்குகிற இறக்கை சுற்றும். பழைய காகிதக் கட்டுகளோடு வருகிற கம்பியும் பிளாஸ்டிக் கயிறும் அதில் சுற்றிக்கொண்டு இறக்கையை நிறுத்திவிடும். அப்போது ஒரு ஆள் உள்ளே இறங்கித்தான் அறுத்தெடுக்க வேண்டும். இறங்குவதற்கு முன்னால் ஒரு முறை இருக்கிறது. கூழை முழுக்க வெளியேற்றி, குழாய்களை அடைக்க வேண்டும். மோட்டாரின் ஃப்யூஸைப் பிடுங்கி, பெட்டியைப் பூட்டி, சாவியை இறங்குகிறவனே சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். தொட்டியின் மூடிகளைத் திறந்து, காற்றடிக்கும் பிளோயரை ஓடவிட வேண்டும். காற்றை அளக்கிற கேஸ் மீட்டரைக் கயிற்றில் கட்டி மேலே, நடுவில், அடியில் என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். கூழ் அழுகினால் வருகிற வாயு காற்றைவிடக் கனமானது, அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். முதலில் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கையே மரக்க வைத்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு ஆள் இறங்குவான். மேலே ஒருத்தர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். டீ வந்தாலும் அவர் நகரக் கூடாது. இத்தனையும் சரியாக இருந்தால்தான் நான் இறங்குவதற்கான பெர்மிட்டில் கையெழுத்துப் போடுவேன். இப்போது பெர்மிட் எல்லாம் செல்போனில் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். பச்சைப் பொத்தானை அமுக்கினால் முடிந்ததாம்.

மீட்டரை இறக்குவதற்கு முன்னால் அதன் முகத்தில் வாயால் ஊதிப் பார்ப்பது என் வழக்கம். நாம் விடுகிற மூச்சில் ஆக்சிஜன் குறைவு. ஊதினால் எண் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் மீட்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். முறைப்படி பார்க்க அதற்கென்று சோதனை வாயு சிலிண்டர் உண்டு. எங்களுடையது தீர்ந்து, புதிதாக வாங்கக் கேட்டு நான் அனுப்பியது ராகவன் சாரின் மேசையில் கிடந்தது. அவர் மறுக்கவில்லை, கிடந்தது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு நான் லீவில் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தேன். ஆலையில் பூஜை என்றால் அது கலியபெருமாள்தான். வில்லியனூருக்கு அந்தப் பக்கம் அவருக்கு ஊர், விவசாயக் குடும்பம். பூஜைக்கு முன்னால் சில நாள் கவிச்சி தொட மாட்டார். இயந்திரங்களைக் கழுவி, பொட்டு வைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைப்பது வரை அவர் பொறுப்பு. ஒவ்வொரு பிரிவின் ஆயுதமும் சாமி முன்னால் வந்தாக வேண்டும். ஃபிட்டர்களின் ஸ்பானர், எலக்ட்ரீஷியனின் டெஸ்டர், கேன்டீன் கரண்டி, வாட்ச்மேனின் விசில்கூட இருந்ததாம். என் பிரிவிலிருந்து மட்டும் ஒன்றும் இல்லையே, பாவம் சேஃப்டி சார் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஸ்டோரில் சொல்லி என் அலமாரியைத் திறக்க வைத்து, கேஸ் மீட்டரை எடுத்துக்கொண்டு போய் வைத்திருக்கிறார்.

விடுமுறை முடிந்து நான் வந்த காலையில் ஆலை ஓடத் தொடங்கிய சற்று நேரத்திலேயே தொட்டியின் இறக்கை சிக்கி நின்றுவிட்டது. வெளியே லாரி நின்றது, பெரிய ஆர்டர். அதைவிடப் பெரிய விஷயம், பூஜை போட்ட இயந்திரம் முதல் நாளே நிற்பது. தொழிலாளிகள் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. பூஜை செய்த கலியபெருமாளுக்கு அது மானப் பிரச்சினை. நான் போய்ச் சேருவதற்குள் தொட்டியைக் காலி செய்து, மோட்டாரைப் பூட்டி, பெல்ட் மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்.

நான் அலமாரியைத் திறந்து மீட்டரை எடுத்தேன். அதன் மேல் காய்ந்த கதம்பம் சுற்றியிருந்தது. முகப்பில் வாயு நுழைவதற்கான துளைகள் வரிசையாக இருக்கும். பொட்டு வைப்பதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். ஒவ்வொரு துளையிலும் அழுத்தி ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். அவ்வளவு அழகாக வைத்திருந்தார். துணியால் துடைத்தேன். மேலே இருந்தது வந்தது, துளைக்குள் போனது வரவில்லை. மீட்டரை ஆன் செய்தேன். ஆக்சிஜன் சரியாக இருந்தது, விஷ வாயு பூஜ்ஜியம். ஊதினேன். எண் அசையவில்லை. மறுபடி ஊதினேன், அசையவே இல்லை.

தொட்டிக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன்.

"நம்பரு சரியாத்தான சார் காட்டுது?" என்றார் கலியபெருமாள்.

"ஊதினா குறையணும் கலியபெருமாள். குறையல. இது எங்க வச்சாலும் இதே நம்பரைத்தான் காட்டும்."

"அப்ப நான் பொட்டு வச்சதாலதான் கெட்டுப்போச்சுன்றீங்களா?"

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்ன சொல்வது? ஆமாம் என்பதுதான் பதில். "துளை அடைச்சிக்கிச்சு" என்றேன்.

"சாமிக்கு வச்சது சார் அது."

அவர் கண் கலங்கிவிட்டது. கோபத்திலா, அவமானத்திலா என்று தெரியவில்லை. நல்ல மனசோடு எனக்கென்று செய்த காரியம் அது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

ராகவன் சார் வந்தார். நாங்கள் சொன்னதைக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார்.

"உள்ள கேஸ் இருக்குதா?" என்றார்.

"தெரியாது சார். லீவு முழுக்க கூழ் தேங்கிக் கிடந்திருக்கு. இருக்கலாம்."

"இல்லாமலும் இருக்கலாம்."

"இருக்கலாம் சார். மீட்டர் இல்லாம சொல்ல முடியாது. பக்கத்துக் கம்பெனியில கேட்டு வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கேன்."

ஒரு கண்ணாடியைத் துடைத்து முடித்து, அடுத்ததைத் துடைத்தார். "நான் ஒண்ணும் சொல்லலைங்க. நீங்கதான் படிச்சவர்" என்றார். பிறகு திரும்பி, "கலியபெருமாள், இதுல நீங்க எத்தன தடவ இறங்கியிருப்பீங்க?"

"கணக்கே இல்லீங்க சார்."

"ம்" என்றார்.

கலியபெருமாள் ஏணிப் பக்கம் நடந்தார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையைப் பிடித்து இழுத்தால் அடிதடி ஆகும். சட்டப் பிரிவைச் சொன்னால் சிரிப்பார்கள். நான் போய் மூடியை இழுத்துத் தொட்டி வாய்மேல் போட்டேன். போட்டுவிட்டு அதன்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். இஸ்திரி போட்ட பேன்ட்டில் கூழ் ஈரம் ஏறியது. யாரோ சிரித்தார்கள். வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம், இந்த ஆள் என்னைத் தூக்கிப் போட்டுவிட்டு இறங்கிவிடுவாரோ என்ற பயம் இன்னொரு பக்கம்.

"எழுந்திரிங்க சார்" என்றார் கலியபெருமாள்.

"மீட்டர் வரட்டும்."

ராகவன் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறைக்குத் திரும்பிவிட்டார்.

பக்கத்து ஆலையின் மீட்டர் வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது. மீட்டர் வருகிற வரைக்கும் இன்னொரு மூடியைத் திறந்து, பிளோயரை ஓடவிட்டு, தண்ணீர் விட்டுக் கழுவச் சொல்லிக்கொண்டே இருந்தேன். மீட்டர் வந்ததும் ஊதினேன். எண் சட்டென்று இறங்கியது. கயிற்றில் கட்டி அடிவரை இறக்கினோம். ஆக்சிஜன் சரி, வாயு பூஜ்ஜியம். கையெழுத்துப் போட்டேன். கலியபெருமாள் இறங்கி, சுற்றியிருந்த கம்பியை அறுத்துக்கொண்டு மேலே வந்து என் காலடியில் போட்டார்.

"ஒண்ணுமே இல்ல சார் உள்ள" என்றார்.

மாலையில் ராகவன் சாரும், "ஒண்ணும் இல்லைல்ல? ரொம்ப நல்லது" என்றார்.

காலையில் அந்தத் தொட்டியில் வாயு இருந்ததா? எனக்குத் தெரியாது. பிளோயரும் தண்ணீரும் அடித்துக்கொண்டு போயினவா, முதலிலிருந்தே இல்லையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. எங்கள் தொழிலின் பெரிய அலுப்பு இதுதான். விபத்து நடந்தால் நாம் தோற்றது எல்லோருக்கும் தெரியும். நடக்காவிட்டால் நாம் வேலை செய்ததே யாருக்கும் தெரியாது. அந்த ஆர்டர் எங்கள் கையைவிட்டுப் போயிற்று. தீபாவளிக்கு போனஸ் குறைந்தது. காரணம் யார் என்று யாரும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. கலியபெருமாள் பேச்சை நிறுத்திவிட்டார். அடுத்த வருஷ ஆயுத பூஜையில் எல்லா அறைக்கும் பொரியும் சுண்டலும் போயின, என் அறைக்கு வரவில்லை. அதற்கப்புறமும் வரவே இல்லை. ஒரு உயர்வும் இல்லாமல் அதே சேஃப்டி ஆபீசர் பதவியிலேயே ஓய்வு பெற்றேன். ஏதாவது ஊரில் இப்படித் தொட்டியில் ஒருவரைக் காப்பாற்ற ஒருவர் இறங்கி அடுத்தடுத்துச் செத்தார்கள் என்று பேப்பரில் வந்தால், அந்தப் பக்கத்தைப் படிக்காமல் மடித்து வைத்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை கலியபெருமாள் மொபெட்டில் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் ஒரு பை கத்தரிக்காய், சொந்த நிலத்தில் விளைந்ததாம். எதிர்வீட்டில் பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்குகிற சொல்தாவின் நாய் அவரைப் பார்த்துக் குரைத்து ஓய்ந்த பிறகுதான் உள்ளே வந்தார். என் மனைவி காபி கொடுத்தாள். குடிக்காமல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"பொண்ணு கெமிஸ்ட்ரி படிச்சிட்டு மருந்து கம்பெனியில லேப்ல இருக்குது சார். நெரந்தர வேல ஆயிடுச்சு. இப்ப அத வுட்டுட்டு ஒரு வருசம் இந்த டிப்ளமா படிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்குது. வீட்ல அவங்கம்மா வேணான்றா. நல்ல எடத்துலேருந்து பொண்ணு கேட்டுகினு இருக்காங்க, இருக்கற வேலய வுட்டா அவங்க இன்னா நெனப்பாங்கன்றா. நாளைக்குள்ள பணம் கட்டணுமாம். நீங்க சொல்றதுதான். ஆவும்னா ஆவும், ஆவாதுன்னா ஆவாது."

என் வழக்கமான பதிலைச் சொன்னேன். அரசு அங்கீகாரம் உள்ள படிப்பா என்று கேட்டேன், ஆமாம் என்றார். அறிவியல் பட்டம் இருக்கிறது, ஆலை அனுபவமும் இருக்கிறது, படித்தால் வேலை கிடைக்கும் என்றேன்.

"அது தட்டியிலேயே போட்டிருக்கான் சார். நீங்க இத்தினி வருசம் பாத்தீங்களே, அது வேலதானா? அதச் சொல்லுங்க."

எனக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. "வேலைதான். ஆனா நிம்மதி இருக்காது" என்றேன். "கையெழுத்து போடறதுக்குத்தான் சம்பளம் குடுப்பாங்க. போடாம இருக்கற நாளு ஒண்ணு வரும். அன்னிக்குக் கூட யாரும் இருக்க மாட்டாங்க. நல்லது பண்ணோமான்னு நமக்கே தெரியாது. கூட வேலை செய்யறவங்களே பேச மாட்டாங்க."

கடைசி வாக்கியம் வாயில் வந்துவிட்டது, திருப்பி எடுக்க முடியவில்லை. கலியபெருமாள் டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு உள்ள கேஸ் இருந்துச்சா சார்?"

"தெரியல கலியபெருமாள்."

"அன்னிக்கும் இதத்தான் சொன்னீங்க."

"இன்னிக்கும் அதான்."

அவர் காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "ராகவன் சாருக்கு ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சிருந்துச்சு. எனக்கும் தெரிஞ்சிருந்துச்சு. அங்க நின்ன அத்தினி பேருக்கும் தெரிஞ்சிருந்துச்சு. தெரியலன்னு சொன்ன ஒரே ஆளு நீங்கதான்" என்றார். கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்தார். "அப்ப பொண்ணு நாலாவது படிச்சிகினு இருந்துச்சு சார்."

என் மனைவி உள்ளேயிருந்து வந்து டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

"மூடி மேல ஒக்காரறதுக்கெல்லாம் அங்க சொல்லித் தர்றாங்களா?" என்றார்.

"எங்கயும் சொல்லித் தர மாட்டாங்க."

"அது கவல இல்ல. பொண்ணு அவங்கம்மா மாதிரி, ஒக்காந்தா எழுப்ப முடியாது" என்று எழுந்தார். "கட்டிடறேன் சார், படிக்கட்டும்."

வாசல்வரை போனேன். மொபெட்டைத் திருப்பிக்கொண்டே, "ஆனா ஒண்ணு சார். அந்த வருசம் போனஸ் போனது போனதுதான். பசங்களுக்குத் துணியே எடுக்கல. நானே பூஜ போட்டு, என் கையாலயே பொட்டு வச்சி, கடைசில கெட்ட பேரும் எனக்குத்தான்" என்று ஆரம்பித்தார். வண்டி கிளம்பிய பிறகும் விடவில்லை. தெருமுனை திரும்பும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டே போனார்.

நாய் மறுபடி குரைத்தது. நான் கத்தரிக்காய்ப் பையோடு நின்றுகொண்டிருந்தேன். அந்த ஆள் உயிரோடு இருந்து என்னைத் திட்டிக்கொண்டு போகிறார். என் படிப்பு வேலைக்கு ஆனதா என்று கேட்டால் காட்டுவதற்கு இதைத் தவிர என்னிடம் வேறு அத்தாட்சி இல்லை.